நீ வேண்டாம் என்ற துப்பாக்கி

என் அறிவு அண்ணனுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. அதனால் இங்கே இருக்கிற நலத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். புரை எடுத்த பிறகு கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நடவுக்கு ஆள் கிடைக்காததால் இந்த வருஷமும் சம்பா நேரடி விதைப்புதான். அண்ணியோடும் மலரோடும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறேன். மலர் கல்லூரியில் உன்னுடைய இயற்பியலையே எடுத்திருக்கிறாள். தன் அப்பா பெயரை வைத்துத்தான் சீட் வாங்கினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று, நீ வேலை பார்த்த கல்லூரியை விட்டுவிட்டு வேறொன்றில் சேர்ந்தாள். உன் ரோஷம் அப்படியே இருக்கிறது அவளிடம்.

நான் எழுத வந்தது அந்தத் துப்பாக்கியைப் பற்றி. உனக்குப் பிடிக்காத பேச்சு என்று தெரியும். நீ இருந்திருந்தால், "அண்ணிகிட்ட குடுக்கிறேன், பேசு" என்று போனை நீட்டியிருப்பாய். இப்போது உன்னால் அப்படி நீட்ட முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் புரியவேண்டும் அல்லவா? அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் தாத்தாவும் அப்பாவும் பண்ணை வீட்டில் வேலை பார்த்தவர்கள். அப்பாவுக்கு மற்ற மாதங்களில் வயல் வேலை. மார்கழி, தை மாதங்களில் பெரிய பண்ணையார் பறவை சுடக் கிளம்பினால் அவருக்குப் பின்னால் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு போகிற வேலை. அது ஏதோ வெளிநாட்டில் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கி, பண்ணையாரின் தகப்பனார் காலத்தில் வாங்கியது. சுடுகிறவர் பண்ணையார். சுமப்பது, துடைப்பது, குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு இழுப்பது அப்பா. விசையின் மேல் விரல் வைக்க மட்டும் அவருக்கு அனுமதி இல்லை.

பெரியவர் போனார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். நிலம் துண்டு துண்டாக விலைக்கு வந்தது. அம்மாவும் அப்பாவும் சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு, குளத்தை ஒட்டிய வயலை வாங்கினார்கள். வீட்டைக் காலி செய்ய வந்த இளைய மகன் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினான். "மச்சுல இது கிடந்துச்சு. நீதானே இதைத் தூக்கிட்டு அலைஞ்ச? வேணும்னா லைசென்ஸ் எடுத்து நீயே வச்சுக்க. இல்லன்னா ஸ்டேஷன்ல குடுத்துடுறேன்" என்றான். அவன் அப்பாவைவிட எவ்வளவோ சின்னவன். நிலத்தை வாங்கினவரைப் பார்த்து அப்போதும் 'நீ' தான்.

அப்பா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பன்றித் தொல்லைக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதிக் கொடுத்து, தாலுகா ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்கினார். துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஆரத்தி எடுக்காத குறை. நீ லீவுக்கு வந்திருந்தாய். துப்பாக்கி இருந்த கித்தான் பையைப் பார்த்தாய். இலை போட்டு வைத்திருந்த அம்மாவிடம் பசிக்கவில்லை என்றாய். மதிய பஸ்ஸிலேயே திருச்சிக்குக் கிளம்பிப் போய்விட்டாய்.

அப்பாவிடம் நான் கேட்டேன். "தூக்கிட்டு நடந்தவன் கையில இன்னைக்கு அது சொந்தமா இருக்கு. இதவிட எனக்கு என்னம்மா வேணும்? படிச்சவனுக்கு இதெல்லாம் புரியாது" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உன் கோபத்தைக் கொள்கைக் கோபம் என்றே நினைத்துக்கொண்டேன். பண்ணை வீட்டு எச்சில் நமக்கு எதற்கு என்கிறாய், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

அந்தத் துப்பாக்கியை அப்பா ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. பன்றிகள் தம் பாட்டுக்கு வந்தன, தின்றன, போயின. அது பீரோவில் பூட்டிக் கிடந்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போய்த் தங்கிவிட்டுக் கூடுதல் துருவோடு திரும்பி வரும். பிடிக்கிற மரக்கட்டையில் விரிசல் விட்டுச் செம்புக் கம்பியால் சுற்றியிருந்தது. பண்ணை வீட்டில் யாரோ துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்டை அதன் மேலும் அடித்துவைத்திருந்தார்கள். நான் பார்த்த துப்பாக்கி அந்தக் கறுப்பு உருப்படிதான். அதற்குள் வேறு எதுவும் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது, "இந்த நிலைமையில வச்சிருக்கக் கூடாது பெரியவரே. ஒண்ணு சரிபண்ணிக் கொண்டாங்க, இல்ல ஒப்படைச்சுடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா சரிபண்ணத்தான் வேண்டும் என்றார். அதைச் சொல்லத்தான், நான் மருந்து கொடுக்கும் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் செய்தேன். நினைவிருக்கிறதா?

"ஒப்படைச்சுடச் சொல்லு செல்வி. அது நம்ம வீட்டுல இருக்க வேணாம்."

"அப்பாவுக்கு இருக்கிற ஒரே ஆசைண்ணே. அதையும் கெடுக்கணுமா?"

"உனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா சொல்லேன்."

மருந்து வாங்க நிற்கிறவர்களின் வரிசை ஜன்னலுக்கு வெளியே வளர்ந்துகொண்டிருந்தது. சீட்டை நீட்டிக்கொண்டு ஒரு அம்மா, "பாப்பாவுக்குக் காய்ச்சல், சீக்கிரம் குடும்மா" என்றார். "வேலை கிடக்குண்ணே, அப்புறம் பேசுறேன்" என்றேன். "சரி, பொங்கலுக்கு வரும்போது சொல்றேன்" என்றாய்.

ஐப்பசி மழையிலேயே நீ போய்விட்டாய். வகுப்புக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டக் குனிந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய் என்று அண்ணி சொன்னார். அந்தக் காய்ச்சல் பாப்பாவுக்கு மருந்து கொடுத்தது சரிதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. வரிசை முடிந்த பிறகு நான் ஏன் திருப்பிக் கூப்பிடவில்லை? அன்று சாயங்காலம் கூப்பிட்டிருக்கலாம். மறுநாள் கூப்பிட்டிருக்கலாம். நீ என்றும் இருப்பவன் போல நான் இருந்துவிட்டேன்.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு அப்பா யாரோடும் பேசாமல் இருந்தார். வயல் பக்கமே போகவில்லை. தை பிறந்து அறுவடை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் வாய் திறந்தார். "செல்வி, துப்பாக்கிய வேலைக்குக் குடுக்கணும்" என்றார். மகன் வேண்டாம் என்றதை, அவன் போன பிறகு செய்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம், பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது போல என்று நினைத்துச் சரி என்றேன்.

தஞ்சாவூரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை ஒன்றை விசாரித்துப் போனோம். நடத்துகிறவர் காதர் பாய். நாகூர்ப் பக்கத்துக்காரர். வளைகுடாவில் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டுத் தகப்பனாரின் கடைக்குத் திரும்பியவர். ஓயாமல் பேசுகிற மனிதர். துப்பாக்கியைப் பிரித்து, குழல் இரண்டையும் ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, சுத்தியலின் மரக் கைப்பிடியால் தட்டினார். கோயில் மணி மாதிரி கேட்கும் என்று நினைத்தேன். ஓட்டைப் பாத்திரம் மாதிரி அதிர்ந்தது.

"ரெண்டு குழலையும் சேத்துப் பிடிச்சிருக்கிற பட்டை விட்டுப் போச்சுங்க ஐயா. அதை மறுபடி பத்த வைக்கணும். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். இது அந்தக் காலத்து முறுக்குக் குழலு. இன்னைக்கு வர்ற தோட்டாவைப் போட்டுச் சுட்டா வெடிச்சுரும். கையில இருக்கிற விரலு கையில இருக்காது."

"சுடறதுக்கு இல்ல பாய்" என்றார் அப்பா.

"அப்ப எதுக்குங்க ஐயா?"

அப்பா குழலைத் தடவிக்கொண்டிருந்தார். பாயும் விடவில்லை. "பேரப்பிள்ளைக்கா?" என்றார். அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்கும் தெரியவில்லை.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. நான் தஞ்சாவூர் போகிற போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். உன்னிடம் மறைக்க மாட்டேன் அண்ணா, எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. பெயின்டும் துருவும் போன இடத்தில் குழலின் மேல் கோரைப்பாய் நெசவு மாதிரி வரி வரியாக ஒரு பின்னல் தெரிந்தது. இரும்பையும் எஃகையும் சேர்த்துக் கயிறாக முறுக்கி அடித்த குழலாம். கட்டை அக்ரூட் மரம். செம்புக் கம்பியை அவிழ்த்து, விரிசலுக்குள் பசை விட்டு இறுக்கியிருந்தார். மரத்தில் ஏகப்பட்ட பள்ளங்கள். "இதை நீங்களே பண்ணுங்கம்மா, வீட்டுல சேலைக்குப் போடுற இஸ்திரிப்பெட்டிதான்" என்று கொடுத்தார். ஈரத்துணியைப் பள்ளத்தின் மேல் வைத்துச் சூடான பெட்டியை அழுத்தினேன். ஆவி இறங்கி, உள்ளே அமுங்கியிருந்த மரம் மெல்ல எழும்பி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சித்திரையில் பாய் போன் செய்தார். "அம்மா, ஐயாவையும் கையோட கூட்டிட்டு வாங்க. பெயின்டுக்கு அடியில என்ன கிடக்குதுன்னு வந்து பாருங்க."

போனோம். குழலும் கட்டையும் சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு. இரண்டையும் கழற்றித் துடைத்து, வெள்ளைத் துணியில் வைத்திருந்தார். ஒன்றில் நாணல் புதரிலிருந்து காட்டு வாத்துகள் கிளம்பிப் பறந்தன. சுற்றிலும் கொடியும் இலையுமாகப் பூவேலை. "இதைப் பாருங்க, இன்னும் பிரமாதம்" என்று அடுத்ததை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். தண்ணீரிலிருந்து ஒரு நாய் கரையேறுகிறது. வாயில் ஒரு வாத்து. எதிரே நிற்கிற மனிதனின் முழங்கால் வரைக்குமான பூட்ஸ் மட்டும் தெரிகிறது. நாய் அவனை அண்ணாந்து பார்க்கிறது. "முடி முடியா செதுக்கியிருக்கான் பாருங்க. உடம்பிலேருந்து தண்ணி சொட்டுறதுகூடத் தெரியுது" என்றார் பாய்.

அப்பா தகட்டை வாங்கிக் கண்ணருகே கொண்டு போனார். துணியில் திரும்ப வைத்தார்.

"அறிவு" என்றார்.

நீ கடை வாசலில் வந்து நிற்கிறாய் என்கிற மாதிரி நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா அழுதுகொண்டிருந்தார். அம்மா போனபோதும் நீ போனபோதும் அழாத மனிதர். பாய்க்கு என்ன புரிந்ததோ, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

அப்பா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். தப்பு இருந்தால் அது அவர் சொன்னதில் இருக்கும். சரிசெய்ய நீ இல்லை.

"பண்ணையார்ட்ட ஒரு நாய் இருந்துச்சு. சுட்ட பறவைய தண்ணிக்குள்ள போயி எடுத்தாரும். அது பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சு. அந்த மார்கழியில டவுன்லேருந்து ஆளுங்க வந்திருந்தாங்க. சுட்ட பறவையெல்லாம் குளத்துக்கு நடுவுல கிடக்குது. எடுக்க ஆள் இல்ல. அறிவு எங்கூட வந்திருந்தான். சின்னப் பையன். 'உம்மவன் நல்லா நீந்துவானாமே, இறங்கச் சொல்லு'ன்னாரு பண்ணையாரு. நான் சொன்னேன். அவனும் துள்ளிக்கிட்டுதான் இறங்கினான். அல்லிக் கொடியெல்லாம் கால்ல சுத்தும். அட்டை கடிக்கும். பனித்தண்ணி. ஒவ்வொண்ணா எடுத்தாந்து போட்டான்."

"அப்புறம்?"

"வந்ததுல ஒருத்தன், 'கையில கொண்டாந்தா என்னடா, வாயில கவ்விட்டு வா'ன்னான். சும்மா தமாசுக்கு. இவன் என்னைப் பாத்தான். நான் ஒண்ணும் சொல்லல. இவன் கவ்விட்டு வந்தான். பண்ணையாரு என் கையிலேருந்து துப்பாக்கிய வாங்கி, இந்தத் தகட்டைத் துண்டால துடைச்சு அவன்கிட்ட காட்டினாரு. 'பாருடா, உன்னை முன்னாடியே இதுல வரைஞ்சு வச்சிருக்கான்'னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

அப்பா துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் சிரிச்சேன், செல்வி."

வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. "அதுக்கப்புறமும் அவனைக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்றேன்.

"நான் கூப்பிடல. அவனே கிளம்பிடுவான். அந்தத் தை முடியற வரைக்கும் வந்தான். எடுத்துக் குடுக்கிறவனுக்கு ஒரு பறவை குடுப்பாங்க. உனக்கு அப்ப டைபாய்டு வந்து, தேறிக்கிட்டிருந்த நேரம். எலும்பும் தோலுமா கிடந்த. கறி போட்டுக் குடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நமக்கு எங்க கறி? நீ வாசல்ல உக்காந்துக்கிட்டு, 'அண்ணே, பறவை கிடைச்சுதா'ன்னு கேப்ப. அதுக்குத்தான் வந்தான்."

அண்ணா, எனக்கு அது நினைவிருக்கிறது. என் சின்ன வயசில் எனக்கு நன்றாக நினைவிருக்கிற சந்தோஷமே அதுதான். ஈரத் தலையோடு, உதடெல்லாம் நீலம் பாய்ந்து, கக்கத்தில் ஒரு காட்டு வாத்தை இடுக்கிக்கொண்டு நீ வருவாய். அம்மா மிளகு அரைத்துக் குழம்பு வைப்பாள். நான் எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சுவேன். "நீ சாப்பிடுண்ணே" என்றால், "எனக்குக் கவிச்சி பிடிக்காது, நீ தின்னு" என்பாய்.

அதற்குப் பிறகு நீ கறியையே தொடவில்லை. உன் கல்யாணத்துக்குப் பிறகுகூட, "எங்க அண்ணன் பிறவியிலேயே சைவம்" என்று அண்ணியிடம் கேலி செய்திருக்கிறேன். நீயும் சிரிப்பாய். என்னைப் பார்த்து எப்படி அண்ணா உன்னால் சிரிக்க முடிந்தது?

ஊருக்கு வந்ததும் அண்ணிக்குப் போன் செய்தேன். அவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால், "அவர் ஆத்துல இறங்கவே மாட்டார் செல்வி. ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்குப் போனாக்கூட மேல் படியிலேயே நிப்பார். மலர் கூப்பிட்டு அழுவா. நீச்சல் தெரியாதுன்னு சொல்லிடுவார். தெரியாதுன்னுதான் நானும் இத்தனை வருஷம் நெனச்சிட்டு இருந்தேன்" என்றார்.

பொங்கலுக்கு வந்திருந்தால் என்னிடம் இதையா சொல்லியிருப்பாய்? முழுவதும் சொல்லியிருப்பாயா, என் டைபாய்டை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லியிருப்பாயா? விட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். தெரியும் என்று சொல்லிக்கொள்ள இப்போது கூச்சமாக இருக்கிறது.

மறுவாரம் அப்பா தனியாகவே கடைக்குக் கிளம்பிவிட்டார். விஷயம் தெரிந்து நான் லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பாய் இரண்டு கையாலும் அந்தத் தகட்டை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாயை ராவிடச் சொல்றாங்கம்மா உங்க அப்பா! இதை எப்படிம்மா ராவுறது? செதுக்கினவன் கண்ணு அவிஞ்சு செதுக்கியிருப்பான். நான் கும்பகோணத்துலேருந்து ஆளைக் கூட்டியாந்து தேஞ்ச இடத்தையெல்லாம் எழுப்பிக் குடுக்கணும்னு இருக்கேன். ஐயா அழிக்கச் சொல்றாங்க."

"உங்களுக்கு அது வேலைப்பாடு பாய். எனக்கு அப்படி இல்ல. ராவுங்க" என்றார் அப்பா.

நடந்தது என்ன என்று பாயிடம் நான் சொன்னேன். சொல்லலாமா என்று அப்பாவிடம் கேட்கவில்லை. பாய் கேட்டுவிட்டுத் தகட்டைத் துணியில் வைத்தார். அன்றைக்குத்தான் அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்தேன்.

"அப்பா, இதை ராவினா நடந்தது இல்லன்னு ஆயிடுமா?" என்றேன்.

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"அண்ணன் என்ன பண்ணச் சொன்னான்?"

அவர் எழுந்து, நான் வந்திருந்த வாடகைக் காரில் ஏறிக்கொண்டார். கார் கும்பகோணம் தாண்டி, திருவிடைமருதூர் கோபுரம் தெரிகிறபோது பேசினார். "பாய் வேலைய முழுசா முடிக்கட்டும். தேஞ்சது தேஞ்ச மாதிரியே இருக்கட்டும், புதுசா எதையும் செதுக்க வேணாம். முடிஞ்சதும் ஒப்படைச்சுடுவோம்."

"ஒப்படைக்கிறதுக்கு எதுக்குப்பா முழுசா முடிக்கணும்? அப்படியே குடுத்துடலாமே."

"கறுப்புப் பெயின்டோட குடுத்தா மறைச்சுக் குடுத்த மாதிரி இருக்கும். வெளிச்சத்துல தெரியிற மாதிரி குடுக்கணும்."

அப்படியே முடிந்தது. கடைசியாகப் பார்த்தபோது குழல் மழைமேக நிறத்தில், பின்னல் துலங்க இருந்தது. கயிற்றில் கட்டித் தட்டினபோது, முதல் நாள் நான் எதிர்பார்த்த மணிச் சத்தம் கேட்டது. கட்டையில் எண்ணெய் இறங்கித் தேன் நிறம் வந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது அண்ணா. அதை அழகு என்று சொல்கிறதற்கு என்னை மன்னித்துக்கொள். நாயும் இருந்தது, வாயில் பறவையோடு, அண்ணாந்து பார்த்தபடி. அந்தப் பார்வையில் எனக்கு நாய் தெரியவில்லை.

போன வாரம் ஸ்டேஷனுக்குப் போனோம். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், கித்தான் பையைத் தோளில் போடாமல், குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். எழுதுகிற இடத்தில் ஒரு பெண் போலீஸ் இருந்தார், மலரைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். பையைத் திறந்தவர் ஆச்சரியப்பட்டுப் போனார்.

"தாத்தா, புதுசு மாதிரி இருக்கு! இவ்வளவு நல்லாப் பண்ணி வச்சுட்டு ஏன் ஒப்படைக்கிறீங்க? லைசென்ஸைப் புதுப்பிச்சுக்கலாமே?"

"எம்மவன் குடுத்துடச் சொன்னான்."

"அவங்களும் வந்திருக்காங்களா?"

"இல்லம்மா. அவன் சொல்லி ரொம்ப நாளாச்சு. நாந்தான் லேட்டு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். காட்டின இடத்தில் எல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் அவருக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார். கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இது உனக்குக் கிடைத்த நியாயம் என்று நான் சொல்லவில்லை. நீ இருக்கும்போது கிடைக்காதது நியாயம் ஆகுமா? நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது நீ மதிய பஸ் ஏறிப்போன அன்றைக்கே கிடைத்திருக்க வேண்டியது.

நேற்று அப்பா, "திருச்சிக்குப் போகணும்" என்றார். உன் வீட்டில் அவர் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்துவிட்டு அன்றைக்கே திரும்பியவர். "எதுக்குப்பா?" என்றேன். "மலர்கிட்ட சொல்லணும். அவ அப்பன் என்ன பண்ணினான், நான் என்ன பண்ணினேன்னு அவளுக்குத் தெரியணும். நீ முந்திக்கிட்டுச் சொல்லிடாத. நாந்தான் சொல்லணும்" என்றார்.

தாத்தா மேல் உயிரையே வைத்திருக்கிறவள் அவள். கேட்டுவிட்டு என்ன செய்வாள்? எழுந்து உள்ளே போய்விடுவாளா? உன்னை மாதிரி பஸ் ஏறிவிடுவாளா? அப்பா அதற்கும் தயாராகத்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். தயாராக இல்லாவிட்டாலும் கூட்டிப் போவேன்.

அண்ணா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மலர் முன்னால் அப்பா உட்காரும்போது நானும் பக்கத்தில் உட்காருவேன். நடுவில், அந்தக் காலம் அப்படி என்று அவர் இழுத்தால் நிறுத்துவேன். தண்ணீரின் குளிரையும் அட்டைக் கடியையும் மட்டும் சொல்லிவிட்டு முடிக்கப் பார்த்தால் விடமாட்டேன். அவர் சிரித்ததை அவர் வாயாலேயே சொல்ல வைப்பேன். அவர் சொல்லி முடித்ததும், அந்தப் பறவைகளைத் தின்றது யார் என்று நான் சொல்வேன்.

உன் உடன்பிறந்தவள்,
செல்வி